அறைச்சீட்டோடு மேசையும்

போன மாரியில், சிங்கப்பூரில் ஏறி பினாங்கையும் புக்கெற்றையும் தொட்டுத் திரும்பும் ஒரு கப்பலில், பிரதான உணவுக்கூடத்தின் வாசலில் நாங்கள் 14 பேர் நின்றுகொண்டிருந்தோம். மாமிக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள். ரொறன்ரோவிலிருந்து மூத்த மகன் குடும்பம், லண்டனிலிருந்து மகள் குடும்பம், யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள். முதல் நாள் இரவு, நேரம் ஏழு மணி. வாசல் மேசையில் நின்ற பெண் எத்தனை பேர் என்று கேட்டார். திரையைப் பார்த்தார். பிறகு, முறை வந்ததும் அதிரும் கருவி ஒன்றைக் கையில் தந்து, ஐம்பது நிமிடம் செல்லும், அதுவும் ஆறு, நாலு, நாலு என்று மூன்று மேசையாகத்தான் தரலாம் என்றார்.

மாமி ஆறரைக்குச் சாப்பிட்டு எட்டரைக்குப் படுக்கிறவர். அன்று வெள்ளிக்கிழமை, மச்சம் தொடமாட்டார். ஒன்பது மணிக்குக் கிட்ட அவருக்கு முன்னால் வந்தது அவித்த கரட்டும் உருளைக்கிழங்கும். மேலே ஒரு வெள்ளைச் சோஸ். அதற்குள் என்ன கிடக்கிறதென்று கேட்க அவருக்குக் கூச்சம். பாணைப் பிய்த்துத் தின்றுவிட்டு எழும்பிவிட்டார்.

அந்தப் பயணத்தைப் பதிவு செய்தவன் நானே. அறை எந்தத் தட்டில், லிஃப்ற் எவ்வளவு தூரம், சக்கர நாற்காலி கதவுக்குள் நுழையுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தேன். சாப்பாட்டுப் பகுதிக்கு வந்தபோது ‘விரும்பிய நேரம்’ என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அந்த ஒரு சரியைப் பற்றித்தான் இந்த இதழில் எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் குடாநாட்டில் கப்பல் பயணம் விற்கும் நம்மில் பலரும் அதை அப்படித்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கப்பலில் இராச்சாப்பாடு என்றால் நீண்ட காலமாக இரண்டு பந்திதான். ஆறு மணியை ஒட்டி முதற்பந்தி, எட்டேகாலோ எட்டரையோ இரண்டாம் பந்தி. எந்தப் பந்தி என்று பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். மேசை இலக்கம் முன்கூட்டியே குறித்துத் தரப்படும். பயணம் முடியும்வரை அதே மேசை, அதே பரிமாறுநர். நினைத்த வேளையில் தனி உணவகத்தில் சாப்பிடுவது பணம் படைத்த சிலரின் வசதியாக இருந்தது. 1905இல் ஹம்பேர்க்–அமெரிக்கா நிறுவனத்தின் ‘அமெரிக்கா’ என்ற கப்பலில் றிட்ஸ்-கார்ல்டன் பெயரில் திறந்த உணவகமும், 1912இல் டைட்டானிக்கில் லூயிஜி காற்றி நடத்திய உணவகமும் அந்த வகை. பந்தியை எல்லாப் பயணிகளுக்குமாகக் கழற்றிவிட்டது நோர்வீஜியன் குரூஸ் லைன்; 2000ஆம் ஆண்டில் ‘ஃபிரீஸ்டைல்’ என்று பெயரிட்டு அதைத் தொடங்கியது. பிரின்சஸ், றோயல் கரிபியன், செலிபிறிற்றி, கார்னிவல் எல்லாம் ஆளுக்கொரு பெயரோடு பின்னால் வந்தன. இன்று பதிவுப் பக்கத்தைத் திறந்தால், பல கப்பல்களில் அந்தக் கட்டம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

நம்முடைய கலியாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை பகுதி முதலில், வயதானவர்கள் காற்றுப்படும் பக்கத்தில், மச்சம் சாப்பிடாதவர்களுக்குத் தனி வரிசை. இதையெல்லாம் பார்த்து இருத்துவதற்கென்றே ஒருவர் நிற்பார். வந்தவர் கை கழுவிவிட்டு இருந்தால் போதும். பழைய கப்பல் பந்தியும் அப்படித்தான் நடந்தது. மூன்றாம் நாள் போய் இருக்கும்போது, இந்த அம்மாவுக்கு உறைப்பு வேண்டும், இந்த ஐயாவுக்குச் சுடுதண்ணீர் வேண்டும் என்று பரிமாறுநருக்குத் தெரிந்திருக்கும். விரும்பிய நேரத்தில் சாப்பிடலாம் என்று அறிவித்த நாளோடு, அந்தப் பார்த்து இருத்துகிற வேலையும் கப்பலின் கையிலிருந்து பயணியின் கைக்கு மாறிவிட்டது. மாறியதைப் பயணிக்கு எவரும் சொல்வதில்லை. அவர் நம்மிடம் காசு கட்டியவர். அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான்.

கணக்கும் மாறவில்லை. இரண்டு பந்திக்கென்று கட்டிய உணவுக்கூடத்தில் பயணிகள் எல்லோருக்கும் ஒரே வேளையில் கதிரை இல்லை. எல்லோரும் ஏழு மணிக்குத்தான் பசிக்கிறது என்று வந்தால் வாசலில் வரிசை நிற்கத்தான் செய்யும். அதற்காகவே, விரும்பிய நேரம் என்று சொல்லும் கப்பல்களும் உள்ளே முற்பதிவு வைத்திருக்கின்றன. ஆறேகாலுக்கோ எட்டரைக்கோ கேட்டால் இலகுவாகக் கிடைக்கும். ஆறரை முதல் ஏழரை வரைதான் நெருக்கடி. இரண்டு பேருக்கான மேசை குறைவு. எட்டுப் பேருக்கு மேற்பட்ட மேசை அதைவிடக் குறைவு.

இந்தத் தொழிலில் உள்ளவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம் ஒன்று 2014 நவம்பரில் நடந்தது. றோயல் கரிபியன் தன் புதிய ‘குவாண்டம் ஒஃப் த சீஸ்’ கப்பலில் பெரிய உணவுக்கூடத்தையே எடுத்துவிட்டு, கட்டணத்துக்குள் அடங்கிய நான்கு உணவகங்களை வைத்தது: தி கிராண்ட், சிக், சில்க், அமெரிக்கன் ஐகன் கிரில். ஒவ்வொரு இரவும் எந்த உணவகம், எத்தனை மணி என்று பயணியே முன்கூட்டிப் பதிய வேண்டும். தெரிவு நிறைய இருந்தது. சாப்பாட்டிலும் பெரிய குறை இல்லை. ஆனால் பதியாமல் வந்தவர்கள் வாசல்களில் காத்து நின்றார்கள். பதிந்தவர்களோ தங்களை அறிந்த பரிமாறுநர் எவரும் இல்லை என்று குறைப்பட்டார்கள். பிறகு, பரிமாறுநரும் பயணியோடு சேர்ந்து உணவகம் உணவகமாகச் சுழலும் மாற்று ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். டிஸ்னி கப்பல்கள் 1998 முதல் அந்தச் சுழற்சியில்தான் நடக்கின்றன. குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கு அது நன்றாகவே பிடித்திருக்கிறது. றோயல் கரிபியனோ கடைசியில் பழைய இரண்டு பந்தியையும் ‘மை டைம்’ முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் வழிக்கே திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனம், அவ்வளவு புதிய கப்பல். கைபேசியில் ஒரு செயலியைக் கொடுத்துவிட்டால் பயணி தன் இரவுகளையெல்லாம் தானே ஒழுங்குபடுத்திக்கொள்வார் என்று எண்ணியது சரிவரவில்லை.

எங்கள் வாடிக்கையாளரின் நிலைமை அதைவிடச் சிக்கலானது. மேற்கத்தேயப் பயணிகளில் பெரும்பாலானோர் இரண்டு பேராகவோ நாலு பேராகவோ வருகிறார்கள். நாங்கள் ஏற்றிவிடுவதோ புலம்பெயர்ந்து மூன்று நாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தை. மணிவிழாவுக்கோ பிறந்தநாளுக்கோ ஒன்றாகக் கூடும் பத்து, பதினைந்து பேர். வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுபவர் ஒருவர், நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் விட்டவர் ஒருவர், சஷ்டி விரதம் இருப்பவர் ஒருவர், ரொறன்ரோவில் பிறந்து இறைச்சி இல்லாமல் சாப்பாடே இல்லை என்ற பிள்ளை ஒன்று, எல்லோரும் ஒரே மேசையில். அவர்கள் கப்பல் ஏறுவதே ஒரே மேசையில் இருப்பதற்காகத்தான். இப்படிப்பட்ட குடும்பம் நாலைந்து நாளுக்கு மேற்பட்ட பயணம் போனால், பழைய முதற்பந்தி இருக்கும் கப்பலில் அதையே எடுத்துக் கொடுங்கள் என்பது என் துணிபு. அது பழைய முறை என்று வெட்கப்பட ஒன்றுமில்லை. விரும்பிய நேரந்தான் வேண்டும் என்றால், பதிவுப் பக்கம் திறக்கும் நாளிலேயே ஒரே நேரத்தை எல்லா இரவுக்கும் பிடித்துவிட வேண்டும்.

ஒரே குழு என்பதைக் கப்பலுக்குத் தெரிவிப்பது இன்னொரு வேலை. ஐந்து அறையை ஐந்து பதிவு இலக்கத்தில் எடுத்தால், கப்பலின் கணினிக்கு அவர்கள் ஐந்து அந்நியக் குடும்பங்கள். பதிவுகளை இணைக்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. மூன்று மேசை வந்ததற்கு அதுவே காரணம்.

இரண்டாம் நாள் பகல் இரண்டு மணிக்கு, உணவுக்கூடம் மூடியிருக்கும் வேளையில், தலைமைப் பரிமாறுநரைத் தேடிப் போனேன். மேசைவிரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு கதிரையை இழுத்து என்னை இருத்தி, காகிதத்தில் கோடு கீறினார். ஆறேகாலுக்கு வந்தால் ஏழு பேருக்கொன்றாக இரண்டு மேசை, பக்கத்தில் பக்கத்தில், கடைசி இரவுவரை அதே இரண்டு பரிமாறுநர்கள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பருப்பு, சோறு, ஒரு மரக்கறி, உறைப்பாக, முட்டையும் படக்கூடாது என்றேன். நாளைக்கு வேண்டியதை இன்று இரவே சொல்லுங்கள், கீழே இந்தியச் சமையற்காரர்கள் இருக்கிறார்கள், ஒருநாள் முன்னம் தெரிந்தால் எதையும் செய்வார்கள் என்றார். அன்றிரவு அடுத்த நாள் பட்டியலைக் கையில் கொண்டுவந்து மாமியின் பக்கத்தில் குனிந்து நின்றார். மாமி கத்தரிக்காயைச் சுட்டிக் காட்டினார்.

பல கப்பல்களில் இந்த வழக்கம் உண்டு, பட்டியலில் அச்சடித்திருக்காது. ‘மரக்கறி’ என்று பதிவில் எழுதினால் மட்டும் போதாது. அந்தச் சொல்லுக்குள் ஒருவர் முட்டையைச் சேர்ப்பார், இன்னொருவர் மீனையும் சேர்ப்பார். எது கூடாது என்பதைப் பொருள் பொருளாக எழுதி, கப்பலின் விசேட உணவுப் பிரிவுக்குப் புறப்படுவதற்கு வாரங்களுக்கு முன்னமே அனுப்ப வேண்டும். ஏறிய நாளில் தலைமைப் பரிமாறுநரிடம் நேரே திரும்பவும் சொல்லச் சொல்ல வேண்டும்.

கட்டண உணவகங்களைப் பற்றியும் மனந்திறந்து சொல்லியாக வேண்டும். பயணத்துக்கு முன்னம் மூன்று இரவு, ஐந்து இரவு என்று பொதியாக வாங்கினால் விலை குறைவு, அதை விற்றால் நமக்கும் தரகு வருகிறது. ஆனால் இறைச்சிக்குப் பேர்போன ஓர் உணவகத்தில் மரக்கறிக்காரர் அதே கட்டணத்தைக் கட்டிவிட்டு உருளைக்கிழங்கு சாப்பிடுவார். அவருக்கு அந்தப் பொதியை விற்கக்கூடாது. யாருக்கு வேண்டுமோ அவருக்கு மட்டும், வேண்டிய ஓர் இரவுக்கு எடுங்கள். ஏறிய முதல் இரவில் அங்கே பெரும்பாலும் இடம் இருக்கும். தகட்டில் கண்முன்னே சமைக்கும் ஜப்பானிய மேசையில் எல்லோரும் ஒரே நேரத்துக்கு இருந்தாக வேண்டும். பிந்திப் போனால் இல்லை. பதிந்துவிட்டு வராவிட்டால் பல கப்பல்கள் கட்டணத்தை அறைக் கணக்கில் ஏற்றிவிடும். மேடை நிகழ்ச்சியின் நேரத்தைப் பார்க்காமல் மேசை நேரத்தைப் பதிந்தால் இரண்டில் ஒன்று போகும்.

நேரம் என்றதும் இன்னொன்று. புக்கெற் அன்று எங்கள் பிள்ளைகள் நாலு பேர் சாப்பாட்டு மேசைக்கு வரவேயில்லை. தாய்லாந்தின் மணி சிங்கப்பூருக்கு ஒரு மணித்தியாலம் பின்னால். கரையில் அவர்களின் கைபேசி தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தது. ஐந்தேகால் என்று நினைத்து அவர்கள் தளத்தில் குளித்துக்கொண்டிருந்தபோது, கீழே ஆறேகால் மேசையில் நாலு கதிரை வெறுமையாகக் கிடந்தது. முற்பதிவுகள் எல்லாம் கப்பல் நேரத்தில்தான் என்று பயணச்சீட்டோடு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் தீர்ந்திருக்கும்.

காங்கேசன்துறைக்கு வருவோம். 2023 ஜூன் 16 அன்று சென்னையிலிருந்து கொர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ அங்கே வந்தபோது பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். 1990இல் றோயல் கரிபியனுக்காக ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்று கட்டப்பட்ட கப்பல் அது. அதில் ஸ்டார்லைட் உணவுக்கூடமும் ஃபுட் கோர்ட்டும் கட்டணத்துக்குள் அடக்கம், சொப்ஸ்ரிக்ஸ் தனிக் காசு. சமண முறைச் சாப்பாடும் உண்டு. நம்மவர் முதன்முதலில் போகக்கூடிய கப்பல் இப்படிப்பட்டதாகவே இருக்கும். சாம்பாரும் சோறும் தெரிந்த சமையலறை இருப்பதால் மாமிமாருக்குப் பயமில்லை. ஆனால் கூட்டமும் அதே கூட்டம்தான்; இந்தியக் குடும்பங்களும் நம்மைப்போல் பெருங்குழுவாகவே வருகின்றன. நாலு பேருக்கான மேசை கிடைக்கும் கப்பலில் பதினான்கு பேருக்குக் கேட்கும் குடும்பங்கள் பத்து இருக்கும்.

அன்று கரையில் நின்ற நம் உணவகக்காரர்களுக்கும் ஒரு சொல். கப்பலில் இருந்து இறங்கும் பயணி மதியச் சாப்பாட்டுக்கும் ஏற்கெனவே காசு கட்டியவர். நல்லூரையும் கோட்டையையும் நூலகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் கப்பலில் சும்மா சாப்பிடலாம். அவர் நம்மிடம் சாப்பிட வேண்டுமென்றால், கப்பலில் கிடைக்காத ஒன்று, அவருடைய பேருந்து வரும் நிமிடத்தில், போட்ட மேசையில் இருக்க வேண்டும். ஒடியல் கூழ் அப்படிப்பட்ட ஒன்று. ஆனால் அது வந்தபின் அடுப்பில் ஏற்றும் பண்டமல்ல. எத்தனை பேர், எத்தனை மணி, நண்டும் றாலும் ஆகுமா என்று கப்பலின் கரைச்சுற்றுலா மேசையிடம் முன்கூட்டிக் கேட்டு வாங்க வேண்டும். அதுவும் மேசைப் பதிவுதான், கரையிலிருந்து செய்கிற பதிவு.

இந்த இதழின் நடுப்பக்கத்தில் ஒரு படிவம் வைத்திருக்கிறோம். பிய்த்து எடுத்துப் பிரதி எடுக்கலாம். அறை வகைக்கு மேலேயே சாப்பாட்டுக் கேள்விகளைப் போட்டிருக்கிறோம்: ஒன்றாக இருந்து சாப்பிடுவோர் எத்தனை பேர், வழக்கமாக இராச்சாப்பாடு எத்தனை மணிக்கு, எந்தக் கிழமை மச்சம் இல்லை, எந்தப் பொருள் தொடவே கூடாது, பயண நாட்களுக்குள் விரதம் வருகிறதா. வாடிக்கையாளர் உங்கள் மேசைக்கு முன்னால் இருக்கும்போதே நிரப்புங்கள். வயதானவர் கூட வந்திருந்தால் பிள்ளைகளிடம் கேட்காமல் அவரிடமே கேளுங்கள். நான் மாமியிடம் கேட்டபோது, ஆறரை என்றவர் சற்று யோசித்துவிட்டு, ஆறேகாலென்றாலும் சரி தம்பி என்றார்.