ஈஸ்டரும் இஷ்டாரும்: பொய்யை வாளாக ஏந்தலாமா?

 

மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் போதும், நம்மவர் கைபேசிகளில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. "ஈஸ்டர் என்பது பாபிலோனிய தேவதை இஷ்டாரின் பெயர்; முட்டையும் முயலும் அவளுடைய சின்னங்கள்" என்கிறது அந்தப் படம். வீரகேரளம்புதூரிலும் சுரண்டையிலும் கிறிஸ்தவர்களோடு தினமும் கொடுக்கல் வாங்கல் செய்பவர்கள் நாம். அவர்களிடம் இதைக் காட்டி மடக்கிவிட்டதாக மார்தட்டும் முன் ஒரு கேள்வி: இது உண்மைதானா என்று விசாரித்தீர்களா?

பெயர் எங்கிருந்து வந்தது?

ஈஸ்டர் என்பது ஆங்கிலப் பெயர். ஜெர்மானியர் ஓஸ்டர்ன் என்பார்கள். பிரெஞ்சு, ஸ்பானிய, இத்தாலிய மொழிகளில் 'பாஸ்கா'வின் திரிபுகளே வழங்குகின்றன. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் சொல்வதும் பாஸ்காதான். அரபுக் கிறிஸ்தவர்களோ ஈதுல் ஃபிஸ்ஹ் என்கிறார்கள். எல்லாம் பெஸாஹ் என்ற எபிரேயச் சொல்லின் வழி வந்தவை. ஃபிர்அவ்னின் கொடுமையிலிருந்து மூஸா (அலை) அவர்களின் தலைமையில் பனூ இஸ்ராயீல் மீட்கப்பட்டதை யூதர்கள் நினைவுகூரும் பெருநாள் அது!

கி.பி. 725ல் பீட் என்ற ஆங்கிலத் துறவி, பழைய ஆங்கிலேயர்கள் ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்கு 'இயோஸ்ட்ரே' என்ற தேவதையின் பெயரை வைத்திருந்தனர் என்று எழுதினார். மாதத்தின் பெயரே பண்டிகைக்கும் ஒட்டிக்கொண்டது என்பதும் அவர் சொன்னதே. அதற்கும் இராக் மண்ணில் வணங்கப்பட்ட இஷ்டாருக்கும் என்ன சம்பந்தம்? இஷ்டாரின் சின்னங்கள் சிங்கமும் எட்டுமுனை நட்சத்திரமும். முட்டையும் அல்ல, முயலும் அல்ல!

பிறகு யார் கட்டிய கதை இது? 1850களில் ஸ்காட்லாந்தின் புராட்டஸ்டண்ட் பாதிரியார் அலெக்சாண்டர் ஹிஸ்லாப், கத்தோலிக்கர்களைத் தாக்குவதற்காக எழுதியது. கிறிஸ்தவர் கிறிஸ்தவரை ஏச எழுதியதை நாம் ஏன் சுமந்து திரிய வேண்டும்?

முட்டையும் முயலும்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் அக்காலக் கிறிஸ்தவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. கோழி நோன்பு பிடிக்குமா? இட்ட முட்டைகள் சேர்ந்தன. பண்டிகையன்று தின்னவும் பரிசளிக்கவும் பயன்பட்டன. 1290ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கிலேயே 450 முட்டைகளுக்குச் செலவு எழுதப்பட்டிருக்கிறது. முட்டை கொண்டுவரும் முயலோ ஜெர்மனியில் 1682ல்தான் ஏட்டில் தலைகாட்டுகிறது. 1873ல் பிரிட்டனின் ஃபிரை கம்பெனி சாக்லேட் முட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டில் கேட்பரியும் இறங்கியது. வியாபாரிகளே, மீதிக் கதை உங்களுக்கே விளங்கும்!

முட்டைக்கும் முயலுக்கும் பைபிளில் ஆதாரம் உண்டா என்று தாராளமாகக் கேளுங்கள். இல்லை என்பதே பதில். அதை ஒப்புக்கொள்ளும் கிறிஸ்தவர்களும் ஏராளம். ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் அறையப்படவில்லை என்ற நம் கொள்கையை நேருக்கு நேர், கண்ணியமாகச் சொல்லுங்கள். அதற்கு இஷ்டாரின் துணை எதற்கு?

நம் மீது திரும்பும் வாள்

1994ல் ராபர்ட் மோரே என்ற அமெரிக்கப் பிரச்சாரகர், அல்லாஹ் என்பது அரபிகளின் சந்திரக் கடவுள் என்று நூல் எழுதினார். பள்ளிவாசல் பிறையைக்கூட ஆதாரமாகக் காட்டினார். சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஸஜ்தா செய்யாதீர்கள் என்று கட்டளையிடும் வேதத்தை உடைய நமக்கு இரத்தம் கொதிக்கவில்லையா? பெயர் ஒலியையும் சின்னத்தையும் பிடித்துக்கொண்டு கதை கட்டும் அதே தந்திரம்தான் ஹிஸ்லாபுடையதும். அவர் செய்தால் அவதூறு, நாம் செய்தால் தஃவாவா?

செய்தி வந்தால் தெளிவாக விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்று ஸூரத்துல் ஹுஜ்ராத் எச்சரிக்கிறதே! அது மற்றவர்களைப் பற்றிய செய்திக்குப் பொருந்தாதா?

தராசில் ஒரு கிராம் குறைந்தாலும் மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்று அஞ்சுகிற வியாபாரி, நாவில் மட்டும் கள்ள எடை போடலாமா? கல்லாவுக்கு எதிரே நிற்கும் கிறிஸ்தவச் சகோதரர், நீங்கள் சொன்னது பொய் என்று நாளை கண்டுகொண்டால், நீங்கள் சொல்லும் உண்மையை நம்புவாரா?

சிந்தியுங்கள்! அடுத்த முறை அந்தப் படம் வந்தால் உங்களோடு நிறுத்துங்கள். அனுப்பியவருக்கும் உண்மையை எடுத்துச் சொல்லுங்கள். சத்தியத்துக்குப் பொய்யின் முட்டு தேவையில்லை!