கணக்கு அதிகாரி சி.வி.ராமன்: சென்னைப் பல்கலைப் பட்டதாரிகளை 'பேக்கேஜ்' வைத்து அளக்க முடியுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஊரெங்கும் ஃபிளெக்ஸ் முளைத்துவிடும். கோட் போட்ட மாணவர்களின் முகங்கள், கீழே கம்பெனி பெயர், அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் ஆண்டுச் சம்பளம். பழைய கல்லூரிகளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவர்களிடம் வேறொரு சரக்கு இருக்கிறது: முன்னாள் மாணவர்கள் பட்டியல்.

அந்த விஷயத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தை அடித்துக்கொள்ள ஆள் குறைவு. நோபல் பரிசு வாங்கிய சி.வி.ராமனும் சந்திரசேகரும் இருக்கிறார்கள். குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போன ராதாகிருஷ்ணன், ஆர்.வெங்கட்ராமன், அப்துல் கலாம் இருக்கிறார்கள். செஸ் சாம்பியன் ஆனந்தும் பெப்சிகோவை 12 ஆண்டுகள் நடத்திய இந்திரா நூயியும்கூட உண்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபிளெக்ஸில் இருக்கும் சம்பளத்துக்கும் இந்தப் பட்டியலுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. ஒரு கல்லூரி என்ன செய்தது என்பதை இரண்டுமே முழுசாகச் சொல்வதில்லை. பட்டியலில் இருக்கும் சிலரின் கதையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் அது தெரியும்.

முதலில், யார் 'சென்னைப் பல்கலை. மாணவர்'?

1857 செப்டம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அங்கே வகுப்பறையே கிடையாது. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்த ஏற்பாடு அது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை; தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது மட்டும் பல்கலையின் வேலை. பாடம் நடத்தவும் ஆராய்ச்சி செய்யவும் வழி திறந்தது 1904-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அதனால்தான் மாநிலக் கல்லூரி, பச்சையப்பன், லயோலா, கிறிஸ்தவக் கல்லூரி, கிண்டி பொறியியல் கல்லூரி, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ், கோவை வேளாண் கல்லூரி என்று ஆளுக்கொரு இடத்தில் படித்தவர்கள் எல்லாம் ஒரே பட்டியலில் வருகிறார்கள். மைசூர், ஆந்திரா, அண்ணாமலை, மதுரை, அண்ணா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமாகத் தோன்றத் தோன்றத்தான் எல்லை சுருங்கியது. கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தபோது அந்தக் கல்லூரியும் இந்தக் குடையின் கீழ்தான் இருந்தது.

பல்கலையின் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இரண்டே பேர். இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்: கரோல் விசுவநாதபிள்ளை, சி.வை.தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை அரசு வேலை பார்த்தார், சட்டம் படித்தார், புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். சம்பளக் கணக்கில் பார்த்தால் அவர் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் இன்று அவர் பெயர் நிற்பது எதற்காக? ஓலைச்சுவடிகளைத் தேடிப்பிடித்து, ஒப்பிட்டு, கலித்தொகை, வீரசோழியம், தொல்காப்பிய உரைகள் என்று ஒவ்வொன்றாக அச்சில் ஏற்றியதற்காக. அந்த வேலைக்கு யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. அதே பணியைச் செய்த உ.வே.சா.வுக்குக் கல்லூரிப் பட்டமே கிடையாது. அவருக்குச் சென்னைப் பல்கலை டாக்டர் பட்டம் கொடுத்தது 1932-ல். அப்போது அவருக்கு வயது 77.

ஆடிட் ஆபீசில் ஒரு விஞ்ஞானி

சி.வி.ராமன் மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்தது 1907-ல். மாணவராக இருக்கும்போதே 1906-ல் அவருடைய ஆய்வுக் கட்டுரை லண்டன் இதழ் ஒன்றில் வெளிவந்துவிட்டது. ஆனால் இந்தியர் ஒருவர் அறிவியல் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க அன்றைக்கு வழி இல்லை. எனவே நிதித் துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். அப்போது வயது 18.

இன்றைய பிளேஸ்மென்ட் செல் அவரை எப்படிக் காட்டியிருக்கும்? மத்திய அரசு வேலை, நல்ல சம்பளம், சின்ன வயது. ஃபிளெக்ஸின் நடுவில் அவர் படம்தான் இருந்திருக்கும். ஆனால் கணக்கு அதிகாரியாக.

பத்து வருஷம் அந்த வேலையில் இருந்தார். ஆபீசுக்கு முன்னும் பின்னும் கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் ஆய்வு. 1917-ல், வருமானம் குறையும் என்று தெரிந்தே அரசு வேலையை விட்டுவிட்டு கல்கத்தா பல்கலையில் பேராசிரியர் ஆனார். ராமன் விளைவு 1928-ல், நோபல் 1930-ல். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் அதே மாநிலக் கல்லூரியில் இருந்து 1930-ல் அரசு உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். விண்மீன்கள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கணக்கு அந்தப் பயணத்தில் தொடங்கியது. அதற்கான நோபல் வந்து சேர்ந்தது 1983-ல். 53 வருஷம்! எந்த 'அவுட்கம்' படிவத்திலும் அத்தனை பெரிய கட்டம் இல்லை.

இன்று என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்வி நிறுவனங்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன என்ற விவரங்களைக் கொடுக்க வேண்டும். எல்லாச் சம்பளத்தையும் வரிசையாக அடுக்கினால் நட்டநடுவில் வருவதுதான் இடைநிலைச் சம்பளம். ஃபிளெக்ஸில் போடும் உச்சபட்சச் சம்பளத்தைவிட இது எவ்வளவோ நேர்மையானது. கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு இந்த எண் தேவையில்லை என்று சொல்வது வயிறு நிறைந்தவர்கள் பேசும் பேச்சு. ஆனால் இந்த எண்ணுக்கு எட்டும் தூரம் கொஞ்சம்தான்.

பெயிலானவருக்கு 75 ரூபாய்

பட்டியலில் சேர்க்கவும் முடியாமல், விடவும் மனசில்லாமல் இருக்கும் பெயர் ஒன்று உண்டு: சீனிவாச ராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பனில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வில் மறுபடியும் தோல்வி. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. சென்னைப் பல்கலை அவருக்குக் கடைசிவரை பாடம் படித்து வாங்கிய பட்டம் எதுவும் கொடுக்கவில்லை.

ஆனால் 1913-ல் அதே பல்கலை, பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கிளார்க் வேலையை விட்டுவிட்டு கணக்கு மட்டும் போடலாம் என்ற நிலை வந்தது. முதுகலை முடித்தவர்களுக்குத்தான் அந்தத் தொகை என்பது விதி. விதியைத் தாண்டி முடிவெடுக்க அங்கே சிலர் இருந்தார்கள். அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ் போகவும் பல்கலையே பணம் கொடுத்தது. பெயிலாக்கியதும் இதே அமைப்பு, தவறைச் சரிசெய்ததும் இதே அமைப்பு. சென்னைப் பல்கலை பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டியது நோபல் பரிசுகளைவிட இந்த 75 ரூபாயைத்தான்.

பட்டியலில் இல்லாதவர்கள்

பழைய பட்டியலை இன்னொரு விதமாகவும் படிக்க வேண்டும். அதில் யார் இல்லை?

1916-ல் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை இந்தக் கேள்வியை நேரடியாகவே கேட்டது. பல்கலையில் பதிவு செய்திருந்த 650 பட்டதாரிகளில் 452 பேர் பிராமணர்கள் என்று அது கணக்குக் காட்டியது. நீதிக் கட்சி, வகுப்புவாரி உரிமை, இன்றைய இடஒதுக்கீடு வரை நீளும் அரசியலுக்குப் பின்னால் இந்த மாதிரி எண்களும் இருக்கின்றன. காஞ்சிபுரம் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை 1934-ல் பச்சையப்பனில் பி.ஏ. ஆனர்ஸ் முடித்தார். கொஞ்ச நாள் பள்ளி ஆசிரியர், பிறகு பத்திரிகையாளர், நாடக ஆசிரியர், 1967-ல் முதலமைச்சர். மாநிலக் கல்லூரியில் படித்துச் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்திய தலித் தலைவர் என்.சிவராஜ் 1945-ல் சென்னையின் மேயரானார். இவர்கள் எந்தக் கல்லூரி ஃபிளெக்ஸிலும் அதிகம் தென்படுவதில்லை என்பது வேறு விஷயம்.

பெண்களுக்குக் கதவு இன்னும் கனமாக இருந்தது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அங்கே ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர மன்னரின் அனுமதி தேவைப்பட்டது. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் 1912-ல் டாக்டர் ஆனார். 1927-ல் சட்டமேலவைக்குப் போய் தேவதாசி முறைக்கு எதிராகப் பேசினார். அவருடைய அம்மாவே அந்தச் சமூகத்தில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாறில் கேன்சர் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கி வைத்தார். டாக்டர், அரசியல்வாதி, சட்டம் கொண்டுவந்தவர், மருத்துவமனை கட்டியவர்; இதில் எதை அவருடைய 'கரியர்' என்று எழுதுவது?

தலச்சேரியில் இருந்து வந்து 1921-ல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் முடித்த ஜானகி அம்மாள், அமெரிக்காவின் மிச்சிகனில் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர், சி.டி.டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-ல் பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூலைக் கொண்டுவந்தார். கடைசிக் காலத்தில் எங்கே போனார் தெரியுமா? மதுரவாயலில் இருந்த சென்னைப் பல்கலையின் தாவரவியல் ஆய்வகத்துக்கு. 1984-ல் இறக்கும்வரை அங்கேதான் வேலை.

பசுமைப் புரட்சியிலும் இந்தப் பட்டியலுக்குப் பங்கு உண்டு. உணவு அமைச்சராக இருந்த சி.சுப்பிரமணியம் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த வக்கீல். விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் கோவை வேளாண் கல்லூரிப் பட்டதாரி, ஐ.பி.எஸ். தேர்வானவர், போலீஸ் வேலையை விட்டுவிட்டு நெதர்லாந்துக்கு ஆராய்ச்சி செய்யப் போனார். ஆனந்தின் பி.காம். பட்டத்துக்கும் அவர் நகர்த்திய காய்களுக்கும் சம்பந்தம் இருப்பதாக லயோலாவே சொல்லாது. 1974-ல் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்த நூயியும் வேதியியல் பாடத்தை வைத்து பெப்சி விற்கவில்லை. பட்டம் அவர்களுக்குக் கொடுத்தது நேரத்தையும் அடுத்த கதவுக்கான சாவியையும்தான். அது சின்ன விஷயமில்லை.

இவர்களோடு சேர்த்து, பெயர் தெரியாத லட்சக்கணக்கான வாத்தியார்கள், குமாஸ்தாக்கள், நர்சுகள், வங்கி ஊழியர்கள், வி.ஏ.ஓ.க்கள் இதே பல்கலையில் படித்தவர்கள்தான். தங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்பதுதான் அவர்களில் பலருடைய சாதனை. அதற்குப் பட்டியலில் இடம் இல்லை.

சரி, இதெல்லாம் இப்போது ஏன்?

பட்டியலைப் படித்துப் பெருமைப்படுகிற அதே காலத்தில், பட்டியலை உண்டாக்கிய இடம் திணறிக்கொண்டிருந்தது. 2023 ஆகஸ்ட்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் தேடல் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்ற ஆளுநர்-அரசு மோதலில் நாற்காலி காலியாகவே கிடந்தது. 2024 தொடக்கத்தில், 424 கோடி ரூபாய் வரி பாக்கி என்று சொல்லி வருமான வரித் துறை பல்கலையின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. சம்பளமும் ஓய்வூதியமும் தாமதமாகி, ஊழியர்கள் மெரினா எதிரே இருக்கும் சேப்பாக்கம் வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஓய்வு பெற்ற பேராசிரியர்களின் இடங்கள் பெருமளவு நிரப்பப்படாமல் இருக்கின்றன.

ராமானுஜனுக்கு உதவித்தொகை கிடைத்தது, அந்த நோட்டுப்புத்தகத்தைப் பார்த்து 'இது சாதாரண ஆள் இல்லை' என்று சொல்லத் தெரிந்த கணக்குப் பேராசிரியர்கள் ஊரில் இருந்ததால். விதியைத் தளர்த்தலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரத்தில் ஒரு ஆள் இருந்ததால். கொடுப்பதற்கு மாதம் 75 ரூபாய் கையில் இருந்ததால். பேராசிரியர் இல்லை, முடிவெடுக்க ஆள் இல்லை, பணம் இல்லை என்றால் அந்த நோட்டுப்புத்தகத்தோடு வருகிற அடுத்த பையனோ பெண்ணோ யாரைப் போய்ப் பார்ப்பது?

கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943-ல் படிப்பை முடித்தவர் ஏ.லலிதா. 15 வயதில் திருமணம், கைக்குழந்தை இருக்கும்போதே கணவர் மறைவு. அதற்குப் பிறகுதான் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படித்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்சார வேலைகளிலும் அவர் கை உண்டு. அவரும் உடன் படித்த இரண்டு பெண்களும் தேர்வு எழுதி முடித்தபோது, சான்றிதழ் படிவங்கள் 'ஹீ' என்றே அச்சாகியிருந்தன. பெண் ஒருத்தி வருவாள் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. பேனாவால் அதை அடித்துவிட்டு 'ஷீ' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

2024 செப்டம்பரில் நடந்த பட்டமளிப்பு விழாவில் கொடுத்த சான்றிதழ்களில் அச்சுப் பிழை எதுவும் இல்லை. துணைவேந்தர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் உயர்கல்வித் துறைச் செயலாளரின் கையெழுத்து இருந்தது.