எங்கள் பூட்டியின் பொறுமை

சென்ற பருவத்தில் மரபியல் வகுப்பில் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அவரவர் குடும்பத்தின் நான்கு தலைமுறைகளைப் படமாக வரைந்து வர வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மணத்துக்கு ஒரு கோடு, இரத்த உறவில் மணந்திருந்தால் இரட்டைக் கோடு, மணம் முறிந்திருந்தால் கோட்டின் குறுக்கே இரண்டு சாய்வெட்டு. தமிழர்களுக்கு இரட்டைக் கோடு போட்டே கை ஓய்ந்துவிடும் என்று வடநாட்டு நண்பர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும். எனக்குச் சங்கடம் தந்தது சாய்வெட்டு.

என் அம்மாச்சியைப் பெற்றவள் எங்கள் பூட்டி. அவளுக்கு வெட்டுக் குறி போடுவதா வேண்டாமா என்று பெரிய மாமாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "போடாதே. அவங்க பிரியவே இல்லை. சாகிற வரைக்கும் நெத்தியிலே குங்குமத்தோட இருந்தவங்க. பொறுமைன்னா அவங்கதான்" என்றார். பிறகு அம்மாச்சியைக் கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. "உங்க மாமனுக்கு என்ன தெரியும் கண்ணு? ரெண்டு வெட்டு பத்தாது, மூணாப் போடு" என்றாள்.

பூட்டிக்கு 1938-ல் மணமாயிற்று. வயது 13. பெண்ணுக்கு 14 ஆகியிருக்க வேண்டும் என்ற சாரதா சட்டம் 1929-லேயே வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு வரவில்லை போலும்! மணமகன் அவளுடைய தாயின் உடன்பிறந்த தம்பி. "தாய்மாமன்தானே, பெண் கண் கலங்காமல் இருப்பாள்" என்று எல்லோரும் மகிழ்ந்தார்களாம்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கும்படி நண்பர்களை வேண்டுகிறேன். புகுந்த வீட்டில் துன்பம் நேர்ந்தால் பிறந்த வீட்டார் கேட்க வருவார்கள். பூட்டிக்கோ புகுந்த வீடே அவள் தாய் பிறந்த வீடு. கணவன்மேல் குறை சொன்னால் அது தாயின் தம்பிமேல் சொன்ன குறை. மாமியார்மேல் சொன்னால் சொந்தப் பாட்டிமேல் சொன்ன குறை. தகப்பனாரோ முன்பே காலமாகிவிட்டார். அடி வாங்கிக்கொண்டு தாயிடம் ஓடியபோது தாய் அழுதாளாம். அழுதுவிட்டு, அன்று மாலையே திருப்பி அனுப்பினாளாம். உறவுக்குள் கொடுத்தால் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று இன்றும் நம் வீடுகளில் சொல்கிறார்கள். பலருக்கு அப்படி அமைந்தும் இருக்கலாம். ஆனால் அந்தப் பாதுகாப்பு கைவிடும்போது, பெண்ணுக்கென்று பேச வெளியே ஒருவரும் மிஞ்சுவதில்லை.

முதலில் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் ஆண்டு நிறைவதற்குள் இறந்தன. தாய்மாமனை மணந்தவளுக்குப் பிறக்கும் குழந்தை, எந்த ஒரு மரபணுவிலும் ஒரே மூதாதையின் பிரதியை இரு பக்கமும் பெற எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று வகுப்பில் படித்தோம். இறப்புக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்நாளில் குழந்தைகள் எத்தனையோ காரணங்களால் மடிந்தன. ஆனால் பழி முழுவதும் ஒருத்தி தலையில்தான் விழுந்தது. 1946-ல் அம்மாச்சி பிறந்தாள். பெண்ணாகப் பிறந்தாள். மறு ஆண்டே அவர் இரண்டாம் மனைவியை அழைத்து வந்துவிட்டார்.

அதே மாதம் பூட்டி கைக்குழந்தையோடு வெளியேறினாள். போன இடம் மாயவரம், இன்றைய மயிலாடுதுறை. அங்கே அவளுடைய தகப்பனாரின் தங்கை, பிள்ளையில்லாத கைம்பெண், ஒரு திண்ணை வீட்டில் இருந்தாள். அந்த அத்தைதான் தாழ்வாரத்தில் இடம் கொடுத்தவள். எங்கள் குடும்பத்தில் யாரும் அவளுக்குத் திதி கொடுப்பதில்லை.

"அந்தக் காலத்தில் சட்டமா, கோர்ட்டா? பொறுத்துக்கொண்டார்கள்" என்று மாமா சொல்வது வழக்கம். அந்தக் காலத்தில் சட்டம் இருந்தது. கணவன் மறுமணம் செய்துகொண்டால் இந்துப் பெண் தனித்து வாழவும் ஜீவனாம்சம் பெறவும் 1946-லேயே மத்திய சட்டம் வந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கும் வழி செய்தது. இந்து திருமணச் சட்டம் நாடு முழுமைக்கும் அதைச் செய்தது 1955-ல்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவும் இருந்தது. "வந்து என்னோடு இருந்தால் சோறு போடுகிறேன்" என்று கணவன் சொல்லித் தப்பிக்க அதில் இடமிருந்தது. அவன் வேறொருத்தியை மணந்திருந்தால், மனைவி வர மறுக்க அதுவே தக்க காரணம் என்று 1949-ல் திருத்தினார்கள்.

பூட்டி 1950-ல் மனுப் போட்டாள். கையெழுத்துப் போடத் தெரியாது; கைநாட்டு. அவர் சோறு போடுகிறேன் என்றுதான் சொன்னார், அது எடுபடவில்லை. மாஜிஸ்திரேட்டு அந்நாளில் விதிக்கக்கூடிய உச்ச அளவு மாதம் 100 ரூபாய். தாய்க்கும் மகளுக்குமாக விதித்தது 20. அவர் கட்டியது ஐந்து மாதம். பாக்கிக்கு மறுபடி மனு, மறுபடி வண்டிச் சத்தம், மறுபடி குமாஸ்தா கூலி. அவள் விட்டுவிட்டாள். உத்தரவின் நகலை மட்டும் தகரப்பெட்டியில் சேலைக்கடியில் வைத்திருந்தாள். இப்போது அது அம்மாச்சியிடம் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

வயிற்றைக் கழுவியது அரிசி வியாபாரம். அரிசிக் கட்டுப்பாட்டை 1952-ல் ராஜாஜி நீக்கிய பிறகு அதையே முழுத் தொழிலாகக் கொண்டாள். ஒரு கலம் நெல் கடனுக்கு வாங்கி, ஊறவைத்து, அவித்து, களத்தில் காயவைத்துக் குத்துவாள். மழைக்காலத்தில் காயாத நெல் நாற்றமெடுத்து முதலே போய்விடும். படிக்கணக்கில் வீடு வீடாக விற்பாள். இலாபம் பெரும்பாலும் தவிட்டில்தான் என்பாள் அம்மாச்சி. அந்தத் தவிட்டுக் காசில்தான் அம்மாச்சி எட்டாவது வரை படித்தாள்.

சரி, குங்குமம்? அதையும் கேட்டேன். "பொட்டு இல்லாமத் தெருவிலே போனா ஆயிரம் கேள்வி கேப்பான். பொட்டு இருந்தா படி என்ன விலைன்னு மட்டும் கேப்பான்" என்று பூட்டியே சொல்வாளாம்.

அவள் உயிரோடிருந்தவரை ஊர் அவளை வாழாவெட்டி என்றது. அப்படி ஓர் ஆணைச் சுட்ட நம் மொழியில் சொல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1994-ல் அவள் மறைந்த பிறகு குடும்பம் அவளைப் பொறுமையின் சிகரம் ஆக்கியது. வசவைவிட இந்தப் புகழ்ச்சிதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. வசவு அவள் வெளியேறியதையாவது ஒப்புக்கொண்டது.

வீண் பழங்கதை என்று எண்ண வேண்டாம். சென்ற ஆண்டு என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, கைக்குழந்தையோடு வீடு திரும்பினாள். கூடத்தில் பெரியவர்கள் கூடினார்கள். மாமா எடுத்த முதல் உதாரணமே பூட்டிதான்: "இருபது வருஷம் பொறுத்தாங்கம்மா, நீ ரெண்டு வருஷத்துலே வந்து நிக்கிறியே." மாமா கெட்டவர் அல்லர். பூட்டி குத்திய அரிசியைத் தின்று வளர்ந்தவர். அவர் பொய் சொல்லவுமில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதே அந்தக் கதைதான். நானும் அன்று வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியா என்றொரு உறுப்பு உண்டு. அதன் மரபுப் பொருள் தாய்வழியாக மட்டுமே வரும். என்னிடம் இருப்பது அம்மாவிடமிருந்து, அம்மாச்சியிடமிருந்து, பூட்டியிடமிருந்து வந்தது. மாமா அச்சடித்து வைத்திருக்கும் வம்சாவளியிலோ பூட்டியின் பெயரே இல்லை. இரண்டாம் மனைவியின் பெயரும் இல்லை. ஆண்களின் பெயர்கள் மட்டும் ஏழு தலைமுறைக்கு இருக்கின்றன.

படத்தில் இரட்டைக் கோடு போட்டேன். அதன் குறுக்கே இரண்டு சாய்வெட்டும் போட்டேன். மூன்றாவதுக்கு விதியில் இடமில்லை. உத்தரவு நகலைப் படம் எடுத்து அக்காவுக்கும் அனுப்பினேன். அதே உரிமை 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவாக இருக்கிறது என்றும், உச்ச அளவை 2001-லேயே எடுத்துவிட்டார்கள் என்றும் கூடவே எழுதினேன். அக்கா அந்தக் கைநாட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாளாம். மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்து, உன் தோழர்களில் சட்டம் படிக்கிறவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.