குடும்பப் பக்கம்: நாய்க்குட்டியும் தந்தையாரின் மறுப்பும்

பள்ளி விட்டு வரும் வழியில் ஒரு நாய்க்குட்டியைக் கண்டெடுத்து, சட்டைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவரும் பிள்ளைகள் நம் ரங்கத்தில் எத்தனையோ பேர். அன்னையார் இரங்குவார்; தந்தையார் மறுப்பார். பின்னர் அழுகையும் உண்ணாநோன்பும் தொடங்கும். அண்மையில் அத்தகைய ஓர் இல்லத்துப் பிள்ளைகள், தந்தையாரிடம் பரிந்து பேசும்படி எம்மை அழைத்தனர். நாமும் சென்றோம்.

"நாய் நன்றியுள்ள பிராணி, வீட்டுக்குக் காவல்" என்று தொடங்கினோம். அவர் இடைமறித்தார். "ஐயா, அது நன்றியுள்ளது என்பதனாலேதான் வேண்டாம் என்கிறேன். முன்பு வேறொரு தீவில் வேலை பார்த்தபோது ஒரு நாயை வளர்த்தோம். மாற்றல் வந்தது. நாங்கள் கப்பல் ஏறினோம். அது துறையிலேயே நின்றது. அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை" என்றார்.

நாம் வாயடைத்துப் போனோம். பிள்ளைகள் கல்நெஞ்சம் என்று எண்ணியது கல்நெஞ்சமன்று; ஆறாத காயம்.

நிற்க. அவருடைய அச்சம் அவருக்கு மட்டும் உரியதன்று. இத்தீவுகளின் பழங்குடியினரிடம் முற்காலத்தில் நாய் இருந்ததில்லை. 1858-இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், கைதிகள் குடியிருப்பை அமைத்தபோது நாயும் உடன் வந்தது. அந்தமானியர் பன்றி வேட்டைக்கு அதனை விரும்பி ஏற்றனர். ஆக, நம்மைப் போலவே நாயும் கடல் கடந்து குடியேறியதுதான். ஆனால் கைவிடப்பட்ட நாய் பசிக்குக் கடற்கரையை நாடுகிறது. நம் ஊருக்கு அண்மையிலுள்ள கத்பர்ட் விரிகுடாவில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. நாய்கள் மணலைத் தோண்டி அம்முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட இடத்தில் வைத்துக் காக்க வேண்டியிருக்கிறது. நாயை விட்டுச் செல்பவர் கப்பலேறிப் போய்விடுகிறார். கேடு இங்கே தங்கிவிடுகிறது.

ஆகையால், பிள்ளைகளே, பெற்றோரிடம் அழுகையோடு செல்லாதீர்கள், விடையோடு செல்லுங்கள். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். சோறு வைப்பவர் யார்? கழிவை அள்ளுபவர் யார்? மழைக்காலத்தில் உண்ணி பார்த்து எடுப்பவர் யார்? இரவில் கட்டிவைப்பவர் யார்? ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதுங்கள். கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசியும், உரிய பருவத்தில் கருத்தடையும் செய்விப்போம் என்று உறுதி கூறுங்கள். இத்தீவுகள் நெடுங்காலமாக வெறிநாய்க்கடி நோய் காணாதவை என்பது உண்மையே. ஆயினும் வெளியூர்க் கப்பல்கள் வந்துபோகும் இடத்தில் தடுப்பூசியை அலட்சியம் செய்தலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் ஊர் திரும்ப நேர்ந்தால் நாய் எங்கே போகும் என்பதற்கு விடை வேண்டும்.

அவ்வீட்டுப் பிள்ளைகள் இவ்விடைகளை ஒரு தாளில் எழுதினர். கடைசிக் கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. மூத்த பெண் எழுந்து, அடுத்த வீட்டில் நிலையாகக் குடியிருக்கும் வங்காளிக் குடும்பத்தாரிடம் சென்றாள். "நீங்கள் போக நேர்ந்தால் நாங்கள் வைத்துக்கொள்கிறோம்" என்னும் வாக்கைப் பெற்று வந்து, அதையும் தாளில் சேர்த்தாள். தந்தையார் அத்தாளை இருமுறை படித்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கட்டுவதற்குக் கயிறு இருக்கிறதா?" என்று கேட்டார்.

பெற்றோர்களே, மறுப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் காரணத்தைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டா. காரணம் தெரிந்தால் அவர்கள் அழமாட்டார்கள். அதற்கு வழி தேடுவார்கள்.