சட்டத்திலிருந்து விலகிய ஒரு சொல்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சாலைகளை ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆலை வேன்கள் நிறைக்கின்றன. மம்சாபுரம், வத்திராயிருப்பு, சேத்தூர், முகவூர் என்று சுற்றிலும் உள்ள ஊர்களிலிருந்து அவை பெண்களை ஏற்றி வருகின்றன. ஆண்டுக்கணக்காக அதே வேனில் வந்து, அதே ரிங் ஃப்ரேம் முன்னால் நின்று, அறுந்த இழையை எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்களில் உண்டு. இந்த வேலையைச் செய்யும் சைடராகச் சேர்ந்தவர் சைடராகவே வேலையை விட்டுப் போகிறார். அவரிடம் தொழில் பழகியவர் சில ஆண்டுகளில் அவருக்கே சூப்பர்வைசராகிறார். ஒரு தனி ஆலையின் குறையாக இதைப் பார்க்க முடியாது. தமிழகப் பஞ்சாலைத் தொழிலில் இது வழக்கமாகவே ஊன்றிவிட்டது.

நீண்ட காலம் உழைத்ததாலேயே ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நாமும் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் தகுதியுள்ளவர் பெயர் பரிசீலிக்கப்பட வேண்டும் என்பது வேறு. அரசுப் பணியில் பரிசீலிக்கப்படுவதே அடிப்படை உரிமை என்று 1999இல் உச்ச நீதிமன்றம் அஜித் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு தரும் அந்தக் காப்பு தனியார் ஆலையின் கேட்டுக்குள் நுழைவதில்லை. அங்கே தொழிலாளிக்குத் துணை நிற்பவை தொழிலாளர் சட்டமும், ஆலையின் பணி விதிகளான நிலையாணையும், ஊதிய ஒப்பந்தமும் மட்டுமே.

அந்தச் சட்டத்தில்தான் இப்போது ஓட்டை விழுந்திருக்கிறது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் முதலில் ஊதியத்தையும் வேலைக்கு எடுப்பதையும் பற்றி மட்டுமே பேசியது. 1987இல் அது திருத்தப்பட்டது. வேலையில் சேர்ந்த பின் பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றிலும் பெண் என்பதால் பாகுபாடு கூடாது என்று எழுதப்பட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. அதன் 3ஆவது பிரிவில் ஊதியம் இருக்கிறது. வேலைக்கு எடுப்பது இருக்கிறது. பதவி உயர்வு என்ற சொல் இல்லை. பயிற்சி என்ற சொல்லும் இல்லை. அந்தப் பிரிவில் உள்ள வேலை நிபந்தனைகள் என்ற பொதுச் சொல் இவற்றையும் உள்ளடக்கும் என்று வாதிடலாம். வெளிப்படையாக எழுதியிருந்த உரிமையை இனி நீதிமன்றத்தில் வாதாடிப் பெற வேண்டும் என்பதே இதன் பொருள். ஷிப்டுக்கு வேன் ஏறும் பெண்ணால் எத்தனை முறை நீதிமன்றப் படி ஏற முடியும்?

இந்தப் பெண்களை ஆலைகள் விரும்பியே வரவழைத்தன. தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆவது பிரிவு பெண்களை இரவில் வேலை வாங்குவதைத் தடுத்தது. 2000ஆம் ஆண்டு இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. ஆணுக்குச் சமமான வேலைவாய்ப்பைத் தடை பறிக்கிறது என்பதே வழக்கின் அடிப்படை. நைட் ஷிப்ட் பெண்களுக்கும் வந்தது. மூன்று ஷிப்டிலும் அவர்கள் கைகளை நம்பியே ஃப்ரேம்கள் ஓடுகின்றன. சமத்துவத்தின் பெயரால் இரவு வேலை வந்தது. அதே பெயரால் வந்திருக்க வேண்டிய மேற்பார்வைப் பதவி வரவில்லை.

ஏன் வரவில்லை? முதல் காரணம் நிரந்தரமின்மை. 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாடு 1981இலேயே சட்டம் இயற்றியது. அது செல்லும் என்று ஒரு பஞ்சாலையின் வழக்கிலேயே 1990இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பதிலி என்றும் தற்காலிகம் என்றும் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து நிரந்தர உரிமையை மறுப்பது நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை என்று தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை கூறியது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றிருக்கிறது. இருந்தும் பயிற்சியாளர், விடுதியில் தங்கி வேலை செய்யும் கேம்ப் கூலி, காண்ட்ராக்ட் என்று பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பெயர் மாறும்போது பணிமூப்பு அறுந்துபோகிறது. பணிமூப்பே இல்லாதவரை யாரும் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை. அவர் வரிசையிலேயே இல்லை.

இரண்டாவது காரணம் எழுத்தில் எதுவும் இல்லாதது. யார் மேல்படியான ஜாபர் ஆகலாம், யார் சூப்பர்வைசர் ஆகலாம், எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும், எந்தத் தேர்வு என்பதற்கு எழுதி வைத்த விதி இருக்கும் ஆலைகள் அரிது. ஜவுளி டிப்ளமோ படித்த இளைஞர் நேரடியாக மேலே அமர்த்தப்படுகிறார். படிப்புக்கு மதிப்பு வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்த ஸ்பிண்டில் எந்த நேரத்தில் தகராறு செய்யும் என்று காதால் அறியும் தொழிலாளிக்குப் பயிற்சி தர மறுத்துவிட்டு, அவரிடம் தகுதி இல்லை என்பது முறையல்ல.

இழப்பு மாதச் சம்பளத்தோடு நிற்பதில்லை. பணிக்கொடை கடைசியாக வாங்கிய ஊதியத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆலும் பணி ஆண்டுகளாலும் பெருக்க வேண்டும். கணக்குக்காக, கடைசிச் சம்பளம் 13,000 ரூபாய் என்று கொள்வோம்; 20 ஆண்டுகளுக்கு 1,50,000 ரூபாய் வரும். ஒரு படி உயர்ந்து 15,600 ரூபாயில் ஓய்வு பெற்றிருந்தால் 1,80,000. மறுக்கப்பட்ட ஒரு படி, 20 ஆண்டு உழைப்பின் விலையையும் குறைத்துவிடுகிறது.

இன்னொரு விளைவு இதைவிடக் கவலைக்குரியது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உள் புகார்க் குழுவுக்கு அங்கேயே மூத்த நிலையில் பணிபுரியும் பெண் ஒருவர் தலைமை ஏற்க வேண்டும். மேற்பார்வைப் பதவிகளில் பெண்களே இல்லாத ஆலையில் அந்த இடத்துக்கு யார் வருவார்? வெளியிலிருந்து ஒருவரை நியமிக்க வழி உண்டு. ஆனால் ஆலையின் உள்நிலவரம் அறிந்த, தொழிலாளிகள் நம்பிப் பேசக்கூடிய ஒருவர் உள்ளே உருவாகவில்லை என்ற குறை அதனால் தீராது.

பஞ்சு விலை, மின் கட்டணம், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி ஏற்படுத்திய பாதிப்பு ஆகியவற்றால் தொழில் நெருக்கடியில் இருப்பதாக நிர்வாகங்கள் சொல்கின்றன. நெருக்கடி உண்மைதான். ஆனால் காலியாகும் மேற்பார்வை இடத்துக்கு யாரைப் பரிசீலித்தோம் என்று எழுதி வைக்கச் செலவில்லை.

காலம் கடத்த இடமில்லை. தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, குறித்த கால ஒப்பந்தத்தில் ஆள் எடுக்க எல்லா நிறுவனங்களுக்கும் வழி திறந்திருக்கிறது. காலம் முடிந்தால் வேலையும் முடிந்தது; அது ஆட்குறைப்பாகக் கருதப்படாது. நிலையாணை 300 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கே கட்டாயம். அதற்குக் குறைவான தொழிலாளிகள் உள்ள ஆலையில் பதவி உயர்வு பற்றிய விதியை எங்கே தேடுவது?

பொறுப்பு யாருடையது என்பதில் மயக்கம் வேண்டாம். விலகிப்போன சொல்லை ஊதியச் சட்டத் தொகுப்பின் 3ஆவது பிரிவில் மீண்டும் எழுத வேண்டியது நாடாளுமன்றம். தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலச் சட்டமன்றமும் அதைச் செய்யலாம். 480 நாள் கணக்கைச் சரிபார்க்க வேண்டியவர்கள் சட்டப்படி நியமிக்கப்பட்ட ஆய்வாளர்கள். எழுத்தில் விதி வகுக்க வேண்டியவை ஆலை நிர்வாகங்கள். ஊதியத்தையும் போனஸையும் பேசும் தொழிற்சங்கங்கள், அடுத்த ஒப்பந்தத்தில் பெண்களின் பதவி உயர்வையும் ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும்.

பணிமூப்புப் பட்டியல் எழுத்தில் இருக்க வேண்டும். காண்ட்ராக்ட் மாறினாலும் தொடக்க நாள் மாறாமல் அதில் இருக்க வேண்டும். மேற்பார்வை இடம் காலியானால் அந்தப் பட்டியலிலிருந்து யார் யார் பரிசீலிக்கப்பட்டார்கள், யார் எதனால் விடப்பட்டார்கள் என்ற குறிப்பும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்பவர்களும் படிக்கும்படி, தமிழோடு அவர்கள் மொழிகளிலும் அதை டைம் ஆபீஸ் அருகே ஒட்ட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நிர்வாகங்கள் இந்த மாதமே தொடங்கலாம்.