இட்டேரியை விட்டுட்டு பிரான்சுல ஓடப் போறோமாம்!

பாணேரில் இப்போது யாரைப் பார்த்தாலும் ஓடுகிறார்கள். நல்ல விஷயம். நாற்பதைத் தாண்டினால் சர்க்கரை, கொழுப்பு என்று டாக்டர் பயமுறுத்துகிறார், ஓடத்தான் வேண்டும். எனக்குப் பிரச்சினை ஓட்டத்தில் இல்லை, ஓடி முடித்து இளநீர்க் கடையில் நின்று பேசும் பேச்சில் இருக்கிறது.

"ஓடினா பிரான்ஸ் கிராமத்துல ஓடணும் சார். ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல மண் பாதை, ஒரு சர்ச், ஒரு பேக்கரி, அப்புறம் அடுத்த ஊர். நம்ம நாட்டுல அதெல்லாம் எங்க?"

ஒரு தமிழர் இதைச் சொல்வார், இன்னொரு தமிழர் தலையாட்டுவார். அடுத்த வருஷம் போயாக் போய் மெடோக் மாரத்தான் ஓடிவிட்டு வரலாமா என்று கணக்குப் போடுவார்கள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே 1985-லிருந்து நடக்கிற ஓட்டம் அது, வழியெல்லாம் ஒயின் கொடுப்பார்கள். தாராளமாகப் போகட்டும், அவரவர் காசு. ஆனால் "நம்ம நாட்டுல எங்க?" என்ற அந்தக் கேள்வி இருக்கிறதே, அதற்குப் பதில் சொல்லாமல் விட முடியவில்லை.

இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் மண் பாதை. கொங்கு நாட்டில் இதற்குப் பெயர் இட்டேரி. தஞ்சாவூர், நெல்லைக்காரர்கள் வண்டிப்பாதை என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் இட்டேரி என்றால் வேலியும் சேர்ந்ததுதான். எங்கள் தாராபுரம், காங்கேயம் பக்கம் கொறங்காடு என்று மேய்ச்சல் நிலங்கள் உண்டு. அதைச் சுற்றிக் கிளுவை வேலி. இரண்டு வேலிகளுக்கு நடுவே மாடும் வண்டியும் போகிற சந்துதான் இட்டேரி. கிளுவை மேல் கோவைக்கொடி படரும், பிரண்டை ஏறும், வேலிப்பருத்தி பூக்கும். உள்ளே கௌதாரி, செம்போத்து, ஓணான், உடும்பு எல்லாம் குடியிருக்கும். வெள்வேல மர நிழல் கொஞ்ச தூரம், வெயில் கொஞ்ச தூரம். ஊரிலிருந்து காட்டுக்கும், காட்டிலிருந்து அடுத்த ஊருக்கும் அப்படியே போய்விடலாம். தார் ரோட்டில் கால் வைக்க வேண்டியதில்லை.

இதைத்தான் சார் பிரான்சில் தேடுகிறீர்கள்.

"அவங்க பாதுகாத்து வெச்சிருக்காங்க, நம்மாளு விட்டுட்டான்" என்பீர்கள். பாதி சரி. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் பிறவியிலேயே பாதை பாதுகாப்பவர்கள் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிராக்டர் ஓட்ட வசதியாக, சின்னச் சின்ன வயல்களை ஒன்றாக்கும் பெரிய திட்டம் அங்கே நடந்தது. குறிப்பாக பிரிட்டனிப் பக்கம் வேலிகளை வேரோடு பிடுங்கினார்கள், பாதைகளை உழுது வயலோடு சேர்த்தார்கள். நம் இட்டேரிக்கு நடந்ததெல்லாம் அங்கேயும் நடந்தது.

வித்தியாசம் அதற்கு அப்புறம் செய்ததில் இருக்கிறது. 1947-ல், நமக்குச் சுதந்திரம் வந்த அதே வருஷம், ழான் லுவாசோ என்பவரும் நண்பர்களும் சேர்ந்து நெடுந்தூர நடைத்தடங்களுக்கு ஒரு குழு அமைத்தார்கள். ஓர்லெயான் பக்கம் லுவார் நதியோரமாக முதல் தடத்துக்கு அடையாளம் போட்டார்கள். மரத்திலும் கல்லிலும் வெள்ளை ஒரு பட்டை, சிவப்பு ஒரு பட்டை, அவ்வளவுதான். இன்று அடையாளமிட்ட தடங்கள் 1,80,000 கி.மீ.க்கு மேல். பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

அடுத்தது சட்டம். 1983-ல் வந்த சட்டப்படி ஒவ்வொரு மாவட்டமும் தன் நடைபாதைகளுக்கு ஒரு திட்டப் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் ஏறிய கிராமப் பாதையை ஊராட்சி விற்க நினைத்தால், பாதை தொடர்வதற்கு வழி செய்ய வேண்டும், அல்லது பொருத்தமான மாற்றுப் பாதை காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த விற்பனையே செல்லாது.

அந்த அழகான போட்டோவுக்குப் பின்னால் இருப்பது இந்தப் பட்டியலும் பெயிண்ட் டப்பாவும்தான். ஐரோப்பிய ரத்தம், கலாச்சாரம் என்று ஜல்லியடிக்க இதில் ஒன்றும் இல்லை.

நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது. கிராம வரைபடத்தில் பாதை கோடாக இருக்கும். அ-பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று எழுதியிருக்கும். ஆக்கிரமித்தவரை வெளியேற்ற 1905-லிருந்தே நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது.

பட்டா நிலத்தின் ஊடே போகும் வழிக்கு வேறு கதை. 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி, இருபது வருஷம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்தால் அந்த வழி உங்கள் உரிமை. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு, இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். இருபது வருஷம் சேர்ந்தாற்போல் பயன்படுத்தாமல் விட்டால் அந்த உரிமை அழிந்துபோகும்.

இருபது வருஷம்! நாம் ஊரை விட்டு வந்து எத்தனை வருஷம்? கொஞ்சம் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இனி நம் ஆட்களைப் பற்றி. வங்கிக்காரன் என்பதால் நண்பர்கள் ஊரில் இடம் வாங்கும்போது பத்திரத்தைக் கொண்டுவந்து "ஒரு பார்வை பாருங்க" என்பார்கள். நான் முதலில் பார்ப்பது சக்குபந்தி. மூலப்பத்திரத்தில் "கிழக்கே தென்வடல் இட்டேரி" என்றிருக்கும். அடுத்த பத்திரத்தில் "கிழக்கே பாதை". அதற்கடுத்ததில் "கிழக்கே இன்னார் நிலம்". இரண்டு கையெழுத்துக்கு நடுவே ஒரு பாதை காணாமல் போயிருக்கும்! எந்தப் புல்டோசரும் வந்திருக்காது. எதிர்க்க ஆள் இல்லாத ஊரில் வேலியை வருஷத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டாலே போதும்.

கடன் கொடுக்கிற எந்த வங்கியும் கேட்கிற கேள்வி, "இந்த மனைக்குப் பாதை இருக்கிறதா?" என்பதுதான். இந்த மனை யாருடைய பாதையை விழுங்கியது என்று யாரும் கேட்பதில்லை, அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடமும் இல்லை. வாங்குவது யார்? பெங்களூரு, புனே, துபாய், நியூ ஜெர்சி. பண்ணை வீடு என்று பெயர் வைத்து, சுற்றிலும் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அந்த வழியாக ஆடு ஓட்டிப் போன கிழவி இனி சுற்றிப் போக வேண்டும். சுவர் கட்டியவர் பாணேரில் காலையில் எட்டு கி.மீ. ஓடிவிட்டு "நம்ம நாட்டுல நடக்கப் பாதை எங்க சார்?" என்பார்.

இப்படிச் சொன்னால் வரும் பதில்கள் தெரிந்தவைதான்.

"வெயில் சார்." காலை ஐந்தரைக்கு வெயில் இல்லை. தை மாசத்தில் ஒன்பது மணிக்கும் இல்லை.

"தார் ரோடு வந்தாத்தானே ஆம்புலன்ஸ் வரும்?" வரட்டும், வர வேண்டும். தார் ரோடு ஒரு வழியில் வருவதற்காக மீதி எல்லா வழியையும் உழுதுபோட வேண்டியதில்லையே.

"ஊர்ப் பாதை எல்லாருக்குமா இருந்துச்சு?" இது நியாயமான கேள்வி. எத்தனையோ ஊரில் குறிப்பிட்ட தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடவில்லை, பிணம் தூக்கிப் போக விடவில்லை. வழக்கமாகப் போகும் வழியைத் தலித் மக்களுக்கு மறுப்பது 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று எழுத வேண்டிய நிலையில்தான் நாம் இருந்தோம், இருக்கிறோம். அதனால்தான் சொல்கிறேன், பாதை அரசாங்கப் பதிவேட்டில் பொதுப் பாதையாக இருக்க வேண்டும். "போய்க்கோ, நான் ஒண்ணும் சொல்லல" என்று நிலக்காரர் தரும் சலுகையை அவர் நாளைக்கே திருப்பி வாங்கிக்கொள்வார்.

நாம் குடியிருக்கிற மகாராஷ்டிராவைக் கொஞ்சம் பார்ப்போம். பாணேரே 1997-ல் மாநகராட்சியில் சேரும் வரை கிராமம்தான். பக்கத்து சூஸ், மஹாளுங்கே 2021-ல்தான் சேர்ந்தன. இங்கே வயலுக்குப் போகும் வண்டிப்பாதைக்குப் 'பாணந்த்' என்று பெயர். பாதையை யாராவது அடைத்தால் தாசில்தாரிடமே போகலாம். 1906-ம் வருஷத்து மாம்லத்தார் நீதிமன்றச் சட்டம் இன்றும் அதற்குத்தான் பயன்படுகிறது.

ஆஷாட மாசத்தில் தேஹுவிலிருந்தும் ஆளந்தியிலிருந்தும் பண்டரிபுரத்துக்கு லட்சக்கணக்கில் நடக்கிறார்களே, சுமார் 250 கி.மீ., அந்தப் பாதையை நெடுஞ்சாலையாக விரிவாக்க 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். நடப்பவர்களுக்கு இருபுறமும் தனி நடைபாதை என்று திட்டத்திலேயே எழுதினார்கள். காரணம், வருஷம் தவறாமல் அத்தனை கால்கள் அங்கே நடக்கின்றன. வேதாள் டேக்டி வழியாகச் சாலை போடும் திட்டத்தை எதிர்த்து 2023-ல் புனேக்காரர்கள் ஊர்வலமே போனார்கள். அவர்களில் பலர் அந்தக் குன்றில் தினமும் காலையில் நடக்கிறவர்கள். யாரும் நடக்காத பாதைக்காக எவனும் ஊர்வலம் போக மாட்டான்.

ஆகவே மக்களே, செய்யக்கூடியது இவ்வளவுதான்:

1. தமிழ்நாட்டு அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் உங்கள் ஊர் சர்வே எண்ணுக்குப் புலப்படமும் அ-பதிவேடும் எடுக்கலாம். வீட்டில் இருந்தே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. தாத்தா நடந்த பாதை காகிதத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2. லீவுக்குப் போகும்போது பிள்ளைகளை அந்தப் பாதையில் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பாவையோ பெரியப்பாவையோ முன்னால் விடுங்கள். எது இட்டேரி, எது அப்புறம் வந்த தடம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்கு வயசாகிறது, அதையும் சேர்த்து யோசியுங்கள்.

3. மே 1-ம் தேதி கிராம சபை கூடும். நம் பிள்ளைகளுக்கும் அப்போது லீவுதான். ஊரில் ஓட்டு இருக்கிற சொந்தக்காரரோடு போய் உட்காருங்கள். 'இன்ன பாதையை அளந்து கல் நட வேண்டும்' என்று ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

4. இடம் வாங்கினால் மூலப்பத்திரத்துச் சக்குபந்தியைப் படியுங்கள். பாதை இருந்தால் சுவரை அதற்கு உள்ளே தள்ளிக் கட்டுங்கள். முடிந்தால் சுவருக்குப் பதில் கிளுவை நடுங்கள், போத்து வெட்டி ஊன்றினாலே வந்துவிடும்.

இதெல்லாம் செய்த பிறகு பிரான்சுக்கும் போய் ஓடிவிட்டு வாருங்கள். அங்கே மரத்தில் வெள்ளை–சிவப்புப் பட்டையைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நின்று போட்டோ எடுங்கள். அந்தப் பட்டையை யார் அடித்தார்கள் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பி.கு.: "ஊர்ல யாரும் இல்ல சார், வீட்டை வித்தாச்சு" என்பவர்களுக்கு: வீட்டை விற்றால் வீடு போகும். பொதுப் பாதையில் உங்களுக்கும் பங்கு உண்டு, அதை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லையே. போய் நடங்கள்.