தாத்தா காரை வெட்டலாமா? அப்பா - மகன் தகராறு!
கேஸ் கட்டர் தயார். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது?

புதுப்பேட்டையில் ஒரு பட்டறை. பழைய பிரிமியர் பத்மினி கார் ஒன்று ஜாக்கி மேல் நிற்கிறது. நாலு சக்கரமும் கழற்றியாகி விட்டது. பக்கத்தில் கேஸ் கட்டர் தயார். நெருப்பு மட்டும் இன்னும் பற்ற வைக்கவில்லை.

காரணம், அப்பாவுக்கும் மகனுக்கும் தகராறு!

கார் 1975-ல் பதிவானது. வாங்கியவர் தாத்தா. வீட்டில் கல்யாணம், பிரசவம், திருப்பதி மொட்டை எல்லாவற்றுக்கும் இந்த "பியட்"தான் போனது. தாத்தா காலமான பிறகு ஷெட்டில் கிடந்தது. இப்போது பேரன் கண் அதன்மேல் விழுந்திருக்கிறது.

"இந்த என்ஜினை வெச்சுக்கிட்டு ஓ.எம்.ஆர். பக்கம் போக முடியாதுப்பா. புது மாடல் என்ஜின் போட்டு, அகல டயர் மாட்டி, வண்டியைக் கீழே இறக்கிடலாம்" என்கிறார் மகன்.

"டேய், உங்க தாத்தா வண்டிடா அது. ஒரு ஸ்குரூகூட மாத்தக் கூடாது" என்கிறார் அப்பா.

நடுவில் மாட்டிக் கொண்டவர் மெக்கானிக். "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க சார். வெட்டினப்புறம் பழி என் மேல வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய் விட்டார்.

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் எல்லாம் இந்தப் பேச்சுதான். அம்பாசடர், கான்டசா, நம் சென்னைப் பக்கத்திலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, எதை எடுத்தாலும் கேள்வி ஒன்றே. மாற்றுவதா? அப்படியே விடுவதா?

மகன் சொல்வதிலும் நியாயம் உண்டு

பத்மினிக்கு 1,089 சி.சி. என்ஜின். சக்தி ஏறக்குறைய 40 குதிரை. ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இத்தாலி பியட் கம்பெனி 1950-களில் போட்ட வடிவத்தை ஒட்டி, பம்பாயில் தயாரான வண்டி. அன்றைய ரோட்டுக்கு அது போதும்.

இன்று? சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று போக வேண்டும். மே மாத வெயிலில் ரேடியேட்டர் கொதிக்கும். முன்னால் போகும் புதுக் கார் டக்கென்று பிரேக் அடித்தால், பின்னால் வரும் பத்மினி அதே தூரத்தில் நிற்காது. இதைத்தான் மகன் சொல்கிறார்.

ஆனால் அவர் கேட்கும் வைத்தியம் வேறு. நிற்காத வண்டிக்கு இன்னும் வேகமான என்ஜின்! தொடர்ந்து பிரேக் போட்டால் டிரம்முக்குள் சூடு தங்கும். லைனிங் பிடி தளரும். இருமடங்கு சக்தி உள்ள என்ஜினை வைத்துவிட்டு பழைய பிரேக்கை அப்படியே விட்டால், அது உயிரோடு விளையாடுவது.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பழைய ஜீப்பிலும் லாரியிலும் அடியில் சேசிஸ் சட்டம் தனியாக இருக்கும். பத்மினியில் அப்படி இல்லை. தரையும் பாடியும் ஒன்றாகப் பற்ற வைத்த ஒரே கூடு. புது கியர் பாக்சுக்காகத் தரையை வெட்டினால், அகல டயருக்காக உள் தகட்டை வெட்டினால், வெட்டுப்படுவது வண்டியின் எலும்பு. டிங்கர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பழைய பலம் திரும்ப வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

வண்டியைக் கீழே இறக்க முன்பக்க காயில் ஸ்பிரிங்கை அறுப்பதும் இப்படித்தான். முதல் வேகத்தடையிலேயே அடிப்பாகம் தட்டும்.

அபராதம் ஒன்றுக்கு ரூ.5 ஆயிரம்!

இனி சட்டத்துக்கு வருவோம்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அளவுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது.

அதே 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் மாற்றும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். பட்டறையில் போடும் பில் ஒன்று, ரோட்டில் வரும் பில் இன்னொன்று.

என்ஜினை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். கலரை மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற வேண்டும். அங்கீகாரம் பெற்ற சி.என்.ஜி. அல்லது பேட்டரி கிட் போடுவதற்கு மட்டும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. திருட்டுத்தனமாக என்ஜின் மாற்றிய கார் விபத்தில் சிக்கினால், இன்சூரன்சு கம்பெனி கையை விரிக்க அதுவே காரணமாகி விடும்.

50 வயது ஆனால் தனி மரியாதை

அப்பாவுக்குத் தெரியாத ஒரு விஷயமும் இருக்கிறது.

2021 ஜூலையில் மத்திய அரசு "விண்டேஜ்" வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோகக் கார், மோட்டார் சைக்கிள்களுக்கு இது பொருந்தும். புதிதாகப் பதிவு செய்ய ரூ.20 ஆயிரம். பத்து ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க ரூ.5 ஆயிரம். ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக் கொள்ளலாம். தாத்தா வாங்கிய நம்பர் போகாது!

இந்த வீட்டு பத்மினி 2025-லேயே 50-ஐத் தொட்டு விட்டது.

ஆனால் முக்கியமான நிபந்தனை ஒன்று. பாடி, சேசிஸ், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கமிட்டி நேரில் பார்த்துத்தான் சான்று கொடுக்கும். கேஸ் கட்டர் ஒரு மணி நேரம் வேலை செய்தால், 50 வருஷமாகச் சேர்த்த தகுதி அன்றைக்கே போய் விடும்.

அதற்காக அப்பா உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். விண்டேஜ் பதிவு வாங்கிய காரை தினசரி ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்றவற்றுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம். ஓட்ட வேண்டும் என்றால் சாதாரணப் பதிவிலேயே இருந்து, தகுதி பார்த்து, மறுபதிவு செய்ய வேண்டும். 20 ஆண்டு தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் ரூ.10 ஆயிரம் ஆக்கி விட்டார்கள்.

"ஒரு ஸ்குரூகூட" என்பதும் ஆபத்து

அப்பாவின் கட்சியிலும் ஓட்டை உண்டு. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1970-களில் செய்த ரப்பர் குழாயும், பெட்ரோல் பம்பின் டயாப்ரமும் இதற்காகச் செய்தவை அல்ல. எத்தனால் பட்டுப் பட்டு ரப்பர் ஊறும், பிறகு வெடிக்கும். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வண்டி எரிந்து போனால் ஒரிஜினல் என்ன, டூப்ளிகேட் என்ன?

ஆகவே சில மாற்றங்கள் கட்டாயம். எத்தனால் தாங்கும் குழாய், புது ஒயரிங், புது டயர், புது பிரேக் லைனிங். இவை வெளியே தெரியாது. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், ரேடியேட்டருக்கு எலெக்ட்ரிக் பேன் போன்றவற்றை வெட்டாமல் போல்ட் போட்டு மாட்டலாம். வேண்டாம் என்றால் கழற்றி விடலாம். முன்பக்கம் டிஸ்க் பிரேக் வேண்டும் என்றால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு, பிறகு தெரிந்த மெக்கானிக்கிடம் போவது நல்லது.

ஸ்பேனரால் செய்த வேலையை ஸ்பேனரால் அவிழ்க்கலாம். கட்டரால் செய்ததை அவிழ்க்க முடியாது. முடிவு எடுக்க இந்தக் கணக்கு ஒன்று போதும்.

கழற்றிய சாமான்களைக் காயலான் கடைக்குப் போடுவதும் தவறு. பத்மினி தயாரிப்பு நின்று 20 ஆண்டுக்கு மேல் ஆகிறது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சிக்கும் 20 வருஷ வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபர் கடைசியில் ரோட்டை விட்டுப் போய் விட்டது. இன்று போடும் ஒரிஜினல் சாமானை நாளை தேடினாலும் கிடைப்பது கஷ்டம். பெட்டியில் போட்டு, பேர் எழுதி வைத்தால் பிறகு உதவும்.

முடிவு என்ன?

டீ குடித்துவிட்டு மெக்கானிக் திரும்பி வந்தார். "பிரேக்கையும் ஒயரிங்கையும் முதல்ல பாப்போம் தம்பி. ஆறு மாசம் ஓட்டிப் பாரு. அப்பவும் வேகம் பத்தலைன்னா வேற கார் வாங்கிக்கோ. இதை வெட்டிட்டா இதே மாதிரி இன்னொண்ணு வாங்க முடியாது" என்றார்.

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, கட்டரை எடுத்து வைங்கண்ணே" என்றார்.

அப்பா முகத்தில் சிரிப்பு. ஆனால் தகராறு முழுதாகத் தீரவில்லை. விண்டேஜ் பதிவு வாங்கி வீட்டில் நிறுத்த வேண்டும் என்கிறார் அப்பா. ஞாயிற்றுக்கிழமையாவது மகாபலிபுரம் வரை ஓட்ட வேண்டும் என்கிறார் மகன்.

அதை அவர்கள் மெதுவாகப் பேசிக் கொள்ளலாம். கார் முழுசாக இருக்கிறது.